சுவிட்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகள்

மகனே,

முதலில் என் வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனசில் வைத்துக்கொண்டால் கை எழுத மறுக்கிறது. போன ஓணத்துக்கு வந்தபோது புத்தகம் படிக்கிற அந்த ஸ்லேட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாயே, அதை எடுத்துக்கொண்டு மறுநாளே எர்ணாகுளம் போட்டில் ஏறினேன். போக ஒரு வேலையும் இல்லை. வீட்டிலேயே வைத்துப் படித்தால் யார் பார்ப்பார்கள், அதற்காகத்தான். நடு பெஞ்சில் இடம் பிடித்து, கண்ணாடியை மூக்கில் சரியாக நிறுத்தி, நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி மடியில் நிமிர்த்திவைத்துப் படிக்க ஆரம்பித்தேன். பக்கம் முடிந்தது. இத்தனை வயசுப் பழக்கம் எங்கே போகும்? ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, ஸ்லேட்டின் மூலையில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். திரும்பவில்லை. எச்சில் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தொட்டு இழுத்தேன். எதிரே காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரச் சேச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேட்டா, அது நக்கித் தின்னுற சாதனமாணோ?" என்று கேட்டாள். போட்டே சிரித்தது. பக்கம் திருப்பும் பட்டன் ஓரத்தில் இருக்கிறது என்று நீ எத்தனை தடவை காட்டிக்கொடுத்தாய்! அப்போதெல்லாம் தலையாட்டினேனே தவிர, பட்டனை விட்டுவிட்டு உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் ஃபோனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். ஃபோனில் எனக்குப் பேச்சு வராது. கார்டில் நிமிஷம் குறைகிறதே என்ற நினைப்பிலேயே "சரி, வேற?" என்று நானே உன்னைத் துரத்திவிடுவேன். எழுத்து அப்படியில்லை, உட்கார்ந்து எழுதலாம். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று தெரியும். உன்னை மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான்தான். மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு வேறெங்கே சேர்ப்பது? ஆனால் அடுத்த மாதம் நீ கட்டிக்கொள்ளப்போகிற சுமதி கோயம்புத்தூர்ப் பெண், அவளுக்குச் சரளமாக வரும். அவள் வாசித்து நீ கேட்டாலும் சரிதான். கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தை ஒன்றே ஒன்று. அதையும் இந்த ஸ்லேட்டு கெட்டுப்போனதால்தான் கற்றுக்கொண்டேன். அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

அது எப்படிக் கெட்டது என்று உன்னிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. "தானா நின்னுபோச்சு" என்று சொன்னேன். தானாக நிற்கவில்லை. நீ ஈ-மெயிலில் அனுப்பும் புத்தகங்களை ஸ்லேட்டில் ஏற்றிக்கொள்ள சஜீவனின் இன்டர்நெட் கடைக்குப் போவேன் அல்லவா, அங்கே ஒரு நாள் அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சேட்டா, இதுக்குப் புதிய அப்டேட் வந்திட்டுண்டு. கூடுதல் பாஷைகள் வரும்னு எழுதியிருக்கு. இடட்டே?" என்று கேட்டான். "மலையாளம் வருமா?" என்றேன். "வராதிருக்குமோ!" என்றான். அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது இதுதான்: டிசம்பரில் நீ வருவாய். இந்த ஸ்லேட்டில் இருப்பதெல்லாம் தமிழ். நீயே என்னென்னவோ வித்தை செய்து ஏற்றிக்கொடுத்த தமிழ் எழுத்து, உனக்கே தத்தித் தத்தித்தான் படிக்க வரும். மலையாளமும் வந்துவிட்டால் நான் ஒரு மணிநேரம், நீ ஒரு மணிநேரம் என்று இரண்டு பேரும் ஒரே சாமானை மாற்றி மாற்றிப் படிக்கலாமே. "இடு" என்று சொல்லிவிட்டேன்.

இட்டான். ஒரு கோடு இடமிருந்து வலமாகக் கறுத்துக்கொண்டே போயிற்று. பாதியில் நின்றது. "சில நேரம் டைம் எடுக்கும் சேட்டா" என்றான் சஜீவன். வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்குக் காத்திருப்பது புதிதில்லை. முப்பது வருஷம் தெருத்தெருவாகத் தண்ணீர் வால்வு திறந்துவிட்டவன் நான். திறந்தவுடன் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. முதலில் காற்று, அப்புறம் கலங்கல், அப்புறம்தான் தண்ணீர். அதே கணக்கில் இரண்டு நாள் அந்தப் பாதிக் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நடுவில் கோடு ஒரு நூல் நகர்ந்த மாதிரிகூட எனக்குத் தெரிந்தது. இந்தத் திரையில் கடைசியாக என்ன இருந்ததோ அது உயிர் போன பிறகும் அப்படியே நிற்கும் என்று நீ சொன்னபோதுதான், இரண்டு நாளாகப் பிணத்துக்குக் காவல் இருந்திருக்கிறேன் என்று புரிந்தது. தமிழும் போயிற்று, மலையாளமும் வரவில்லை. நம் குடும்பத்தைப் போலவே இருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் யாரும் இல்லாததால் அந்தச் சிரிப்பு ஒரு மாதிரியாகக் கேட்டது.

அதற்கு முன்னால் நம் ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருந்தன என்று ஞாபகமிருக்கிறதா? உனக்கு அயர்லாந்தில் காலை, எனக்குச் சாப்பாட்டு நேரம். "சாப்பிட்டீங்களா அப்பா?" "ஆச்சு." "குளிகை எடுத்தீங்களா?" "எடுத்தேன்." "மழை உண்டோ?" "உண்டு." அங்கே மழை உண்டா என்று நான் கேட்பேன், உண்டு என்பாய். இரண்டு ஊரிலும் மழை பெய்துகொண்டே இருந்ததால் அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லாமல் போய்விடும். உன் அம்மா இருந்த காலத்தில் ஃபோன் அவள் கையில்தான் இருக்கும். நான் பக்கத்தில் நின்று "கார்டு தீரப்போவுது" என்று முணுமுணுக்கிற ஆள். அவள் போன பிறகு ஃபோன் என் கைக்கு வந்தது. என்ன பேசுவது என்பது வரவில்லை. அவள் எதைத்தான் அவ்வளவு நேரம் பேசினாள் என்று எத்தனை யோசித்தும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஸ்லேட்டு செத்த அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மாறியது. "அப்பா, வயர் குத்தியா?" என்று கேட்டாய். குத்தியாச்சு என்றேன். "லைட் என்ன நிறம்?" "ஒரு மாதிரி பழம்பொரி நிறம்டா. எண்ணெயில கொஞ்சம் தீஞ்ச பழம்பொரி." "அப்பா, ஆரஞ்சோ பச்சையோ, அதை மட்டும் பறயுங்க!" என்று நீ சத்தம் போட்டுவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! பாதிக் கோடு என்றதுமே இது அப்டேட் வேலை என்று நீயே கண்டுபிடித்து, ஒரு டாக்டர் மாதிரி விளக்கினாய். தமிழ் எழுத்து ஏற்றுவதற்காக நீ அதன் வயிற்றுக்குள் கொஞ்சம் மாற்றி வைத்திருந்தாய். புது அப்டேட் உள்ளே இறங்கி, இது நமக்குப் பழக்கமில்லாத வீடாக இருக்கிறதே என்று வாசற்படியிலேயே திகைத்து நின்றுவிட்டது. உன் எழுத்தை முதலில் எடுத்துவிட்டு, அப்டேட்டைப் போட்டு, மறுபடி எழுத்தைப் போட்டிருக்க வேண்டும். "அது சாரமில்லை அப்பா, சரியாக்கிடலாம். சுவிட்சை வலத்து பக்கம் தள்ளிப் பிடிங்க. முப்பது செகண்ட். நடுவில விடக்கூடாது." தள்ளினேன், எண்ணினேன். "ஆச்சு." "அதுக்குள்ளயா?" "முப்பதுடா. எண்ணிட்டேன்." "எதுக்கும் ஒண்ணுகூடி பிடிங்க." மறுபடி பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. "சரி, சார்ஜ் இல்லாம இருக்கும். ஒரு மணிக்கூர் வயர்ல கிடக்கட்டும். ஃபோன் வெக்க வேண்டா, நான் லைன்ல இருக்கேன்" என்றாய். ஒரு மணிநேரம்! என் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

இனிமேல்தான் விஷயம். சார்ஜ் ஏறுகிற நேரத்தில் மனுஷன் சும்மா இருக்க முடியாதல்லவா, நீ பேச ஆரம்பித்தாய். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்து, புகை அலாரம் அடித்து, கட்டிடம் முழுவதும் கீழே இறங்கி நின்ற கதையைச் சொன்னாய். பக்கத்து வீட்டுக் கிழவி உன் பெயரைக் கூப்பிடும் விதத்தைச் செய்து காட்டினாய். அடுத்த வாரம் வேறொரு வயரில் சார்ஜ் ஏற்றிப் பார்த்தோம். அந்தச் சார்ஜ் ஏறும்போது, போன குளிர்காலத்தில் காய்ச்சலில் ஒரு வாரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததைச் சொன்னாய். "உங்ககிட்ட பறஞ்சா பேடிப்பீங்கன்னு பறயல." நான் பயந்துவிடுவேனாம். அந்த வாரம் நான் உன்னிடம் குளிகை எடுத்ததைப் பற்றித்தான் பேசியிருப்பேன். அதற்கடுத்த வாரம் சஜீவன் கடையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் வயரைச் செருகி, திரையில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது நீ குரலை இறக்கினாய். "அப்பா, லைட் மாறியோ?" "இல்லைடா." "ஒரு காரியம் பறயட்டே?" "சொல்லு." "சுமதின்னு ஒரு பொண்ணு." "எந்த சுமதி?" "அப்பாவுக்கு அறியாது. என் ஆபீஸ்ல..." "டேய், மாறிடுச்சு! பச்சை!" "அப்பா, நான் பொண்ணைப் பத்திப் பறயுறேன்!" "அவ பேரைச் சொன்னதும்தான்டா பச்சை வந்தது!" சஜீவன் தன் கஸ்டமர்களை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். சுமதி, நீ இதை வாசிக்கிறாய் என்றால், அது உண்மைதான் அம்மா. உன் பெயரைச் சொன்னபோதுதான் பச்சை வந்தது. பத்து நிமிஷத்தில் அணைந்துவிட்டது, அது வேறு விஷயம். கம்ப்யூட்டர் கடைசிவரைக்கும் ஸ்லேட்டைக் கண்டுகொள்ளவில்லை.

இப்படியே போயிற்று. வாரத்துக்கு ஒரு வைத்தியம். வேலை நாளில் நீ யார் யாரிடமோ விசாரித்து, எங்கெங்கோ தேடிப் படித்து, ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புது மருந்து கொண்டுவருவாய். நான் சனிக்கிழமையே ஸ்லேட்டைத் துடைத்து, வயர்களைச் சுருட்டி, ஃபோனில் சார்ஜ் நிறைத்துவைப்பேன். பெண் பார்க்க ஆள் வரும் வீடு மாதிரி இருக்கும். எனக்குக் குறை என்றால் ஒன்றே ஒன்று: படித்துக்கொண்டிருந்த கொலைக்கதை பாதியில் நின்றுபோனது. "கொன்னது யார்னு தெரியாமலே செத்துப்போவேன் போல" என்று உன்னிடம் புலம்புவேன். "அப்பா, அதுக்காவது இதைச் சரியாக்கித் தரேன்" என்பாய்.

ஸ்லேட்டு சரியாகிவிட்ட கதை இதுதான். ஒரு புதன்கிழமை மதியம் சும்மா இருக்கிறோமே என்று சுவிட்சைத் தள்ளிப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மேரிச் சேச்சி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, "வெள்ளம் இன்னு வருமோ?" என்று கேட்டாள். நான் ரிட்டயர் ஆகி இத்தனை காலமாகியும் இந்தச் சந்தில் தண்ணீர் வராததற்கு நான்தான் ஜவாப்தாரி. இது பம்ப் ஹவுஸில் உள்ள குறை, நம் வால்வில் இல்லை என்று அவளுக்கு ஆதியோடு அந்தமாக விளக்கினேன். அவள் போனதும் குனிந்து பார்க்கிறேன், கட்டைவிரல் இன்னும் சுவிட்சின்மேல் இருக்கிறது. ஸ்லேட்டு ஒருமுறை கறுத்தது, ஒருமுறை வெளுத்தது, பாதிக் கோடு காணாமல் போயிற்று. அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்குப் புரிந்தது. முப்பது செகண்ட் என்று நீ சொன்னபோதெல்லாம் நான் வால்வுச் சாவியைச் சுற்றுகிற வேகத்தில் முப்பது எண்ணியிருக்கிறேன். ஆயுசு முழுவதும் எண்ணிய கணக்கு அது, வேறு வேகம் என் நாக்குக்குத் தெரியாது. நீ முதல் நாள் சொன்ன வைத்தியமே சரியான வைத்தியம். நோயாளிதான் மருந்தை முழுதாகக் குடிக்கவில்லை.

சஜீவன் கடைக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் இப்போது ஸ்லேட்டை அடையாளம் கண்டது. பாதியில் விழுந்து கிடந்த அப்டேட்டை அவன் அழித்தான். நீ அனுப்பியிருந்த தமிழ் எழுத்தை மறுபடி ஏற்றினான். என் கொலைக்கதை, விட்ட பக்கத்திலேயே கண் திறந்தது. கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சாயா வாங்கிக் கொடுத்தேன். "மோனைக் கூப்பிட்டுச் சொல்லுங்க சேட்டா, எத்தற கஷ்டப்பட்டான் பாவம்!" என்றான் சஜீவன். ஃபோனை எடுத்தேன். உன் நம்பரைத் தேடினேன். விரல் அப்படியே நின்றது. சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சந்தோஷப்படுவாய். "பாடு ஒழிஞ்சுது அப்பா" என்பாய். அப்புறம்? சாப்பிட்டீங்களா, குளிகை எடுத்தீங்களா, மழை உண்டோ. ஃபோனை மறுபடி சட்டைப் பையில் போட்டேன். "ஞாயிற்றுக்கிழமை சொல்றேன்" என்று சஜீவனிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ புது வைத்தியத்தோடு வந்தாய். குரலில் அவ்வளவு உற்சாகம். எங்கேயோ ஒருத்தனுக்கு இதே பழுது, அவன் இப்படிச் செய்து மீட்டிருக்கிறான் என்றாய். என் மடியில் ஸ்லேட்டு ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சொல்கிறேன், "பாதிக் கோடு அப்படியே நிக்குதுடா." பொய் சொல்வதில் நான் சூரன் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்று மட்டும் எப்படியோ நன்றாக வந்தது. சார்ஜ் ஏறட்டும் என்றாய், ஏறட்டும் என்றேன். சுமதியின் அப்பாவிடம் நீ முதன்முதலாகப் பேசியதைச் சொன்னாய். தமிழில் என்ன பேசுவது என்று தெரியாமல் மலையாளத்திலேயே "சுகந்தன்னே?" என்று நலம் விசாரித்து வைத்தாயாம். நான் சிரித்த சிரிப்பில் மேரிச் சேச்சி எட்டிப் பார்த்தாள். அடுத்த வாரமும் பாதிக் கோடு நின்றது. அதற்கடுத்த வாரமும் நின்றது. வாரநாட்களில் கொலைக்கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டத்தில் வைத்துக்கொண்டே பழுது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வாய்தான் காட்டிக்கொடுத்தது. மழையைப் பற்றியோ மீன் விலையைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தோம், நடுவில் நான் உற்சாகத்தில், "டேய், கொன்னது அந்தச் சமையக்காரன்தான்டா, நான் அவனை நினைச்சுக்கூடப் பாக்கல!" என்று சொல்லிவிட்டேன். லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன், அறுந்திருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். பிறகு உன் குரல் மெதுவாக வந்தது. "சரி அப்பா. சுவிட்சை ஒண்ணுகூடி பிடிச்சுப் பாருங்க." பிடித்தேன். அன்றைக்கு நீ எனக்காக எண்ணினாய், ஒன்று, இரண்டு, மூன்று என்று, ரொம்ப மெதுவாக. முப்பதுக்குப் பிறகு, "ஒண்ணும் ஆகலையா?" என்றாய். "ஆகலைடா" என்றேன். "சரி" என்றாய். என் பொய் உனக்குப் புரிந்ததா, இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த மாதம் லீவில் வந்த உன் கூட்டுக்காரன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்தால், புத்தம்புது ஸ்லேட்டு. தமிழெல்லாம் நீயே பார்த்துப் பார்த்து ஏற்றியிருந்தாய். வெளிச்சத்தில் வைத்தால் கண் கூசுவதில்லை. பட்டனைத் தொட்டவுடனே பக்கம் திரும்புகிறது. "இனி பேடிக்க ஒண்ணும் இல்ல அங்கிள், இது கேடாகவே ஆகாது" என்றான் அந்தப் பையன். நல்ல பையன், சாயா குடித்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு, கிழவனோடு மல்லுக்கட்ட முடியாது, ஒரு புதுசை வாங்கிக் கொடுத்து முடித்துவிடுவோம் என்று அனுப்பினாயா? இல்லை, ஒன்றும் புரியாமல், பாவம் அப்பாவுக்குப் படிக்க ஒன்றும் இல்லையே என்று பாசத்தில் அனுப்பினாயா? எதுவாக இருந்தாலும் என் கையில் வந்து சேர்ந்தது ஒன்றுதான்: கெட்டுப்போகாத ஒரு சாமான்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் அம்மாவுக்கு நானும் இதைத்தான் செய்தேன். "மிக்ஸி ஒரு மாதிரி சத்தம் போடுதுங்க" என்பாள். உடனே ஸ்க்ரூ டிரைவரோடு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிடுவேன். நான் திருகைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவள் தேங்காய் துருவிக்கொண்டே, தன் தங்கையின் மாமியாரில் தொடங்கி உலகத்தில் உள்ள எல்லாரைப் பற்றியும் சொல்வாள். நான் திருகை முடுக்கிவிட்டு எழுந்துவிடுவேன். "அவ்வளவுதானா? முடிஞ்சுதா?" என்று கேட்பாள். நான் அதை என் கைவேகத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஃபேன் ஆடும், அதற்கடுத்த வாரம் குழாய் ஒழுகும். கடைசியில் போனஸ் வந்தபோது புது மிக்ஸி, புது ஃபேன், புதுக் குழாய் எல்லாம் வாங்கிப் போட்டேன். "இனி ஒரு வருஷத்துக்கு உனக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்றேன். அவள் "ம்" என்றாள். அந்த "ம்" என்ன என்று இப்போது உன் பெட்டியைப் பிரித்தபோதுதான் எனக்குக் கேட்டது.

அதனால் கல்யாணம் ஆகப்போகிற உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சுமதி உன்னிடம் ஏதோ ஒன்று கெட்டுப்போயிற்று என்று சொன்னால், உடனே சரியாக்கிவிடாதே. நீ கெட்டிக்காரன், சரியாக்கிவிடுவாய், எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது. முதலில் பக்கத்தில் உட்கார். திருகை மெதுவாகக் கழற்று. தெரிந்த பழுதாக இருந்தாலும் தெரியாத மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார். அதற்குள் அவள் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவாள். அன்றைக்கே முடியாவிட்டால் நல்லது, நாளைக்கும் உட்காரலாம். புதுசு வாங்க வேண்டும் என்றால் வாங்கு, ஆனால் பழையதைத் தூக்கிப் போடாதே. சுமதி, உனக்கும் சொல்கிறேன் அம்மா. இவன் பேச வராமல் ஏதாவது ஒரு சாமானைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அது சாமானைப் பற்றியது இல்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் வாய் திறக்காது. நீ தேங்காய் துருவ வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்.

உபதேசம் முடிந்தது. கல்யாணத்துக்கு வருகிறேன், வேட்டி எடுத்தாயிற்று. சஜீவனும் வருவதாகச் சொல்கிறான். உன் கதையெல்லாம் முழுதாகத் தெரிந்த ஆள், வராமல் இருப்பானா? இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதையும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். நான் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், எதற்கென்று எனக்கே தெரியாது.

"புதுசு எப்படி இருக்கு அப்பா?"

"நல்லா இருக்குடா."

"ஹேங் ஒண்ணும் ஆகலையே?"

"இல்லை."

"தமிழ் ஒக்க சரியா வருதோ?"

"அச்சடிச்ச மாதிரி வருது."

"அப்போ பிரச்சனை ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லை."

உன் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. சுமதி வந்திருக்கிறாளோ என்று நினைத்தேன், கேட்கவில்லை.

"சரி அப்பா, வெக்கட்டே?" என்றாய்.

"வை" என்றேன். சொல்ல வந்தது அதுவல்ல. வைக்காதேடா என்பதுதான்.